துடைத்து வைத்த வீடு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மேடம். நான் சொல்லப்போகிற கதையில் முக்கியமான இரண்டு இடங்களில் நான் இல்லை. ஒன்று பக்கத்து வீட்டு சகாயமேரி அக்கா சொல்லிக் கேட்டது. இன்னொன்று எங்கள் அம்மா போனில் சொன்னது. அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

உங்கள் கையில் இருக்கிற பக்கத்தை எட்டிப் பார்த்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். 'வீட்டைக் காலி செய்யுங்கள், மனசு லேசாகும்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறதா, கண்ணில் பட்டுவிட்டது. இதே மாதிரி ஒன்றை நானும் போன மாசி மாதம் படித்தேன். ஒரு வருடமாகக் கை படாத பொருள் வீட்டில் இருக்கக் கூடாது, அது மனசுக்குள்ளும் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. நான் அப்படியே செய்தேன். செய்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதையைத்தான் சொல்ல வருகிறேன். பஸ் ராஜபாளையம் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறதே.

அந்த வாழைப்பழத் தோலை மட்டும் காலடியில் போடாதீர்கள் மேடம். என்னிடம் கவர் இருக்கிறது, இதில் போடுங்கள். தப்பாக நினைக்காதீர்கள்.

ராஜபாளையத்தில் எங்களுடையது காம்பவுண்டு வீடு. வெளியே ஒரே வாசல், உள்ளே வரிசையாக மூன்று வீடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். நடுவில் நாங்கள். ஓரத்தில் சகாயமேரி அக்கா. மூன்று வீடும் ஒரே அச்சு, முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி. அப்பா மில்லில் வாட்ச்மேன். என் அக்கா காளீஸ்வரியும் அதே மில்லில்தான், நூல் ஓடுகிற பக்கம். பள்ளிக்கூடத்தை விட்டதில் இருந்து போகிறாள். நான் மட்டும் படித்தேன். எங்கள் சொந்தத்திலேயே டிகிரி முடித்த முதல் ஆள் நான்தான். இப்போது விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற இடத்தில் வேலை. அங்கே தரையில் முகம் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சொன்னாலே குமட்டும் மேடம். பரணில் எலிப்புழுக்கை, மிளகைக் கொட்டி வைத்த மாதிரி. சாமி படத்தைத் திருப்பினால் பின்னால் பல்லி முட்டை, அதில் ஒன்று உடைந்து படத்தோடு ஒட்டிப்போயிருக்கும். அரிசி டப்பா மூடியின் விளிம்பில் கரப்பான் முட்டை. அடுப்படி ஜன்னல் கம்பியில் தாளித்த எண்ணெய் ஏறி ஏறி, விரலை வைத்தால் விரல் ஒட்டும். அதில் கொசுவும் ஒட்டியிருக்கும். எண்ணெய் வந்த கவரை அம்மா கழுவ மாட்டாள், மடித்துக் கட்டிலுக்கு அடியில் செருகுவாள். போகிக்கு ஊரே பழசை எரிக்கும். எங்கள் வீட்டில் ஒரு கிழிந்த பாய், அதிலும் பாதியை எரித்துவிட்டு மீதியைக் கால் மிதிக்க வைத்துக்கொள்வாள்.

எல்லாவற்றையும் விட மோசம் அந்த முடி. தலை சீவும்போது வருகிற சிக்கைச் சுருட்டிச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் செருகி வைப்பார்கள், அம்மாவும் அக்காவும். முடி வாங்க வருகிற ஆள் அதற்குப் பதில் பிளாஸ்டிக் குடம் தருவாராம். அக்கா தலையில் எந்நேரமும் மில் பஞ்சு இருக்குமா, அந்தப் பஞ்சும் முடியும் சேர்ந்து செத்த குருவி மாதிரி கிடக்கும். நான் சாப்பிட உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே.

தை மாதம் சங்கரன்கோவிலில் இருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. சம்பந்தம் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது இலை போட்டுச் சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் காப்பியோடு எழுந்துவிடுவார்கள். வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இலை விரியவில்லை என்றால் அதுதான் பதில்.

அன்றைக்கு மாப்பிள்ளையின் பெரியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே ஒரு கரப்பான். மெதுவாக மீசையை ஆட்டிக்கொண்டு இறங்குகிறது. நான் அடுப்படி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பெரியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சின்னப் பொண்ணுக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார்கள். வடித்த சோறு அப்படியே இருந்தது. அக்கா பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் அந்தச் சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தாள்.

கரப்பான்தான் காரணம். வேறு என்ன இருக்க முடியும்? அக்காவுக்கு என்ன குறை?

அடுத்து வந்த சம்பந்தம்தான் தர்மராஜ். ஸ்ரீவில்லிபுத்தூரில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை. அவர் நகத்துக்குள் இருக்கிற கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. மில் பஸ் ஒரு தடவை அவர் கடை வாசலில் நின்றுபோய், எல்லாப் பெண்களுக்கும் அவர்தான் தண்ணீர் கொடுத்தாராம். துணி காயப்போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"இது அமைஞ்சா நல்லாருக்கும் ஜோதி."

அக்காவுக்கு முப்பது ஆகப்போகிறது மேடம். இது வேண்டும் என்று அவள் ஒன்றைச் சொல்லி அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. அதனால்தான் நான் இறங்கினேன். எனக்காக இல்லை.

இரண்டு வாரத்து விடுமுறை நாளையும் அதற்கே செலவழித்தேன். பரணைக் காலி செய்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அந்த முடியை எல்லாம் இடுக்கியால் எடுத்துக் குப்பை வண்டியில் போட்டேன். சுவரைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தேன். காலண்டர், சாமி படம், தாத்தா படம், ஆணி, எல்லாவற்றையும் கழற்றினேன். பாத்திரங்களுக்கு வரும்போதுதான் அம்மா சண்டைக்கு வந்தாள். பழைய எவர்சில்வர் அண்டா, தவலை, போணி, எல்லாவற்றிலும் அப்பா பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். ப. குருசாமி. நசுங்கி, அடி கறுத்து, பார்க்கவே பிடிக்காது.

"ஏ கூறுகெட்டவளே, அது எங்க ஆத்தா செஞ்ச சீரு. அதையா தூக்கிப் போடுற?"

"வருசம் முழுக்க எத்தனை தடவைம்மா அந்த அண்டாவைத் தொட்ட?"

"ஒன்னயுந்தான் வருசம் முழுக்கத் தொடல. தூக்கிப் போட்டுட்டனா?"

அக்கா அப்போதுதான் மில்லில் இருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டாள். பிறகு என்னிடம், "எல்லாத்தையும் எடுத்துக்க. அடுப்படியை மட்டும் விட்ரு புள்ள. அம்மா கைக்குப் பழகுன எடம்," என்றாள்.

அடுப்படியை எப்படி விடுவது? நோய் வருவதே அங்கிருந்துதான்.

தூக்கிப் போட அம்மா விடாததால், பெண் பார்த்து முடிகிறவரைக்கும் சகாயமேரி அக்கா வீட்டில் வைப்பதாக முடிவாயிற்று. அவர் நல்லவர். அவர் வீடும் சுத்தம் என்று சொல்ல முடியாது, அதனால் கூடக் கொஞ்சம் சேர்ந்தால் தெரியாது. அண்டா, தவலை, படங்கள், துணி மூட்டை, அரிசி டப்பா, எல்லாம் அங்கே போயிற்று. எங்கள் பல் துலக்குகிற பிரஷ் வைத்த குவளைகூட. புது டம்ளர், புதுத் தட்டு வாங்கி வைத்தேன். மூடி போட்ட ஒரே மாதிரி டப்பாக்களில் சீனி, உப்பு, காப்பித்தூள் போட்டு அலமாரிக்குள் அடுக்கினேன். எலுமிச்சை வாசனை பினாயில் போட்டுத் துடைத்தேன்.

துடைத்து முடித்து நடு வீட்டில் நின்றபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மேடம், பொய் சொல்லவில்லை. வெறும் தரை, வெறும் சுவர். அந்தக் கட்டுரையில் எழுதியிருந்த மாதிரியே இருந்தது. அம்மா மட்டும் மூலையில் உட்கார்ந்து, "பேசுனா வீடு திருப்பிப் பேசுதுடீ," என்றாள்.

பெண் பார்க்கிற அன்று எங்கள் அடுப்பில் நான் சமைக்க விடவில்லை. தேய்த்து வைத்த அடுப்பில் சாம்பார் பொங்கினால் என்ன ஆவது? சகாயமேரி அக்கா வீட்டிலேயே சமைத்துவிட்டு, இலை போடும்போது இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். அவரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டேன். பொருள் எல்லாம் எங்களுடையது என்று வந்தவர்களிடம் மூச்சு விடக் கூடாது.

வந்தார்கள். தர்மராஜ், அவர் அம்மா, அவர் சித்தி, தரகர் பேச்சிமுத்து அண்ணன். அந்த அம்மா பல்லில் வெற்றிலைக் கறை. சித்திக்குப் பித்தவெடிப்பு, வெடிப்புக்குள் மண். துடைத்த தரையில் தடம் தடமாக வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த அம்மா சுவரைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "என்ன, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?"

"பினாயில் அத்தை. கிருமி வராது," என்றேன்.

"வீட்டுக்குப் புதுசா வந்திருக்கீகளோ?"

"காளீசு பொறந்ததே இந்த வீட்லதான்," என்றார் அப்பா.

"அப்படியா." அவ்வளவுதான் சொன்னார்.

அக்கா காப்பி கொடுத்தாள். அந்த அம்மா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது, நான் கவனிக்கவில்லை. "சீனி கொஞ்சம் கம்மியா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே எழுந்து அம்மாவோடு அடுப்படிக்குள் வந்துவிட்டார். பெண்கள் வருவதுதான், அதை யாரும் தடுக்க முடியாது. அம்மா ஒரு அலமாரியைத் திறந்தாள், மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஜோதி, சீனி எங்க இருக்கு?"

அந்த அம்மா அடுப்பின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். விரலைப் பார்த்தார். எங்கள் அம்மாவைப் பார்த்தார்.

"மதினி சமைக்கிறதே இல்லையோ?"

முன்னறையில் அதே நேரம் தர்மராஜ் அக்காவிடம் ஏதோ கேட்டார், அக்கா குனிந்து சிரித்தாள். அதை நான் பார்த்தேன். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

காப்பிக்கு மேல் வெற்றிலை போட்டு, எச்சிலைத் துப்பிவிட்டு வருகிறோம் என்று அந்த அம்மாவும் சித்தியும் வெளியே போனார்கள். குழாயடியில் நான் தேய்த்து வைத்த கல் இருக்கிறதே, அதன் மேலேயே துப்பியிருந்தார்கள். சிவப்பாக வழிந்து கிடந்தது. அப்புறம் நான்தான் கழுவினேன்.

இனி சொல்வது சகாயமேரி அக்கா சொன்னது. நான் இல்லை.

துப்பிவிட்டு நேரே அவர் வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எல்லாரும் செய்வதுதான். அவர் அடுப்பில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"கொழம்பு வாசம் இங்கல்ல வருது," என்றாராம் அந்த அம்மா.

"வாங்க, உக்காருங்க. எடந்தான் இல்ல."

இடம் இருக்காதுதான். எங்கள் வீடு முழுக்க அங்கே இருந்தது. அந்த அம்மா அடுப்பில் இருந்த பாத்திரத்தைக் குனிந்து பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். "ப... குரு... சாமி. உங்க வீட்டுக்காரர் பேரா?"

"ஐயய்யோ, இல்ல. எங்க வீட்டுக்காரர் பேரு அந்தோணி."

சித்தி இந்தப் பக்கம் அண்டாவைப் படித்திருக்கிறார், தவலையைப் படித்திருக்கிறார். எல்லாம் குருசாமி. சுவரோரமாக மாலை போட்ட எங்கள் தாத்தா படம். கொடியில் அக்காவின் மில் கோட்டு.

"சிலுவைக்குக் கீழ பிள்ளையார் இருக்காரு," என்றாராம் சித்தி.

"அது... சும்மா வச்சிருக்காக."

"எதுக்குச் சும்மா?"

மூச்சு விடக் கூடாது என்று நான் சொன்னதை அவர் கொஞ்ச நேரம் காப்பாற்றியிருக்கிறார். பிறகு முடியாமல், "வீட்டைச் சுத்தம் பண்ணுனாக, அதான்," என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா பிரஷ் குவளையை எடுத்துக் காட்டினாராம். "சுத்தம் பண்ணுனா பல்லு வெளக்குறதக் கூடவா வெளிய வைப்பாக?" என்று கேட்டுவிட்டு, தங்கையிடம் திரும்பிச் சொல்லியிருக்கிறார். "குடியிருக்குறது இங்க. காட்டுறது அங்க. அந்த அம்மாவுக்குச் சீனி இருக்குற எடம் தெரியாதப்பவே நெனச்சேன்."

கை நனைக்காமல் போய்விட்டார்கள். தர்மராஜ் மட்டும் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சாயந்திரம் தரகர் போன் செய்தார். வாடகைக்கு வீடு பிடித்துப் பெண் காட்டுகிற குடும்பம் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். அப்பா போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு டியூட்டியே இல்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும் மேடம். அழுக்காக வைத்திருந்தால் அழுக்கு என்று எழுந்து போகிறார்கள். சுத்தமாக வைத்தால் இது உன் வீடே இல்லை என்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் சுத்தமாக இருக்கவே முடியாது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான், அதுதான் இன்னும் அருவருப்பு.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. சகாயமேரி அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக நடந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தாள். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "நீ விடு, கை அழுக்காகும்," என்றாள். அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, "அவர் என்னைய எந்த ஷிப்ட்டுனு கேட்டாரு. பதில் சொல்றதுக்குள்ள கெளம்பிட்டாக," என்றாள். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆணி அடித்தாகிவிட்டது, படம் ஏறிவிட்டது. ஜன்னல் இடுக்கில் முதல் முடியைப் பார்த்த அன்று நான் வீட்டில் சாப்பிடவில்லை.

அப்புறம் பங்குனியில் ஒரு நாள். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், மத்தியானம் அம்மா போன் செய்கிறாள். மூச்சு வாங்குகிறது. "ஏ ஜோதி, அவுக வந்திருக்காகடீ. தர்மராசு அம்மா. இந்தப் பக்கமா வந்தாகளாம், சொல்லாமக் கொள்ளாம உள்ள வந்துட்டாக."

"வீடு எப்படிம்மா இருக்கு?"

"எப்படி இருக்கும், இருக்குற மாதிரிதான் இருக்கு."

மீதியைச் சாயந்திரம் மறுபடி போன் செய்து சொன்னாள். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு மேடம். முந்தின நாள் வைத்தது. அடி கறுத்த அந்தச் சட்டியில். அந்த அம்மா அடுப்படிக்கே வந்து, அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "வாசம் தெருவுக்கே வருது மதினி," என்றாராம். தட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாராம். கை நனைத்துவிட்டார். சாப்பிட்டு முடித்து, தவலையில் இருந்த பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு நான்தான் அவசரப்பட்டுட்டேன். இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு," என்றாராம். அக்கா மில்லில் இருந்து வந்து பார்த்தால் பூ வைக்கக் காத்திருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டு நான் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஏன் என்று தெரியவில்லை. முந்தானையால் துடைத்த தட்டு கண் முன்னாலேயே நின்றது.

சந்தோஷம் இல்லையா என்று கேட்காதீர்கள். சந்தோஷம்தான். வைகாசியில் கல்யாணம். இப்போதுகூட அக்காவுக்கு ஜாக்கெட் துணி வாங்கிக்கொண்டுதான் போகிறேன், இந்தப் பைதான். உங்கள் கை ஈரமாக இருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டை ஏமாற்று வீடு என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எப்படித் திடீரென்று இந்தப் பக்கமாக வருவார்கள்? கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. நிச்சயத்தன்று பந்தியில் பேச்சிமுத்து அண்ணனுக்கு ரசம் ஊற்றும்போது கேட்டேன்.

"தற்செயலா வந்தாகன்னா நெனச்ச?" என்று சிரித்தார். "உங்க அக்காதான் எனக்குப் போன் போட்டுச்சு. 'அண்ணே, அவுகள ஒரு தடவ சும்மா வரச் சொல்லுங்க. எங்க வீட்டச் சுத்தம் பண்ற ஆளு இல்லாத நாளா வரச் சொல்லுங்க'ன்னு. அவுகளுக்குச் செவ்வாக்கெழமைதான் தோதுன்னேன், இந்தச் செவ்வா வரலாம்னு அதுதான் சொன்னிச்சு."

அவர் தப்பாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. செவ்வாய் என்றால் நான் வீட்டில் இருப்பேன், ஊருக்கே தெரியும். தரகர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பழைய டியூட்டி நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பங்குனியில் அந்த ஒரு வாரம் மட்டும் கூட வேலை பார்க்கிற பெண்ணுக்காக நான் விடுமுறையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். அம்மா போன் செய்த நாள் செவ்வாய்தான். விடுமுறையை மாற்றியதை வீட்டில் நான் ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தேன், அது அக்காவிடம்.